மாணவர் ஒன்றியமா, பண்பாட்டு மையமா, பொறியாளர் சங்கமா? அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர் எதில் சேரலாம்

ஏப்ரல் கடைசியிலேயே இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். கேட்பவர்களில் பாதிப்பேர் தமிழ் அம்மாக்கள். கணவர் கறுப்பின அமெரிக்கராகவோ, நைஜீரியராகவோ, ஜமைக்காக்காரராகவோ இருப்பார். பிள்ளைக்கு நல்ல பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அங்கே நூறு மாணவர்களில் மூன்று நான்கு பேர்தான் கறுப்பினத்தவர். "தனியா விட்டுடக் கூடாது, எதுல சேரச் சொல்லட்டும்?" என்பார்கள். பிள்ளைகள் செப்டம்பரில் கேட்பார்கள். மாணவர் சங்கங்களின் அறிமுக நாளில் ஐந்தாறு மேசைகளில் மின்னஞ்சல் முகவரியை எழுதிக் கொடுத்திருப்பார்கள். இப்போது எல்லாரும் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், எதற்குப் போவது என்று தெரியவில்லை என்பார்கள்.

நான் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடத்தேர்வில் வழிகாட்டும் வேலையில் இருக்கிறேன். அந்த ஐந்தாறு மேசைகளும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். எல்லாவற்றிலும் 'சமூகம்', 'ஆதரவு' என்றுதான் எழுதியிருக்கும். உண்மையில் ஒவ்வொன்றும் ஒரு தனிப் பிரச்சினைக்காகப் பிறந்தது. இன்றும் அந்தப் பிரச்சினையைத்தான் அது நன்றாகக் கையாள்கிறது. அதனால் எது சிறந்தது என்று கேட்பதைவிட, உங்கள் பிள்ளைக்கு எந்தக் கஷ்டம் முதலில் வரும் என்று கேட்பது உதவும்.

கறுப்பின மாணவர்களுக்காகவே தொடங்கப்பட்ட ஹோவர்ட், ஸ்பெல்மன் போன்ற வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகளுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை அவ்வளவாகத் தேவைப்படாது. கறுப்பினத்தவர் சிறுபான்மையாக இருக்கும் வளாகங்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

என் முதல் அளவுகோல் இது: அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, மறுநாள் கால்குலஸ் தேர்வு. அந்த நேரத்தில் அந்தக் குழுவால் என்ன பயன்? வரவேற்பு விருந்தன்று எல்லாக் குழுக்களும் நன்றாகத்தான் இருக்கும்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களின் பிற்பகுதியில் நடந்த ஓர் ஆய்வு. கறுப்பின மாணவர்கள் பலர் முதல் கால்குலஸ் பாடத்திலேயே ஏன் சறுக்குகிறார்கள் என்று யூரி ட்ரைஸ்மன் என்ற கணிதவியலாளர் தேடத் தொடங்கினார். ஆசிரியர்களைக் கேட்டார். ஆர்வம் போதாது, பள்ளியில் அடித்தளம் சரியில்லை, வீட்டில் ஊக்கமில்லை, வருமானம் குறைவு என்றார்கள். அவர் 20 கறுப்பின மாணவர்களையும், அதே பாடத்தில் நன்றாகச் செய்துகொண்டிருந்த 20 சீன வம்சாவளி மாணவர்களையும் கூடவே இருந்து கவனித்தார். ஆசிரியர்கள் சொன்ன காரணம் ஒன்றுகூட நிற்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு ஆர்வம் இருந்தது, வீட்டார் பெரிய நம்பிக்கையோடு அனுப்பியிருந்தார்கள், வகுப்புக்குப் போனார்கள், வீட்டுப்பாடத்தையும் முடித்தார்கள்.

வித்தியாசம் மாலை நேரத்தில் இருந்தது. சீன மாணவர்கள் தனியாகப் படித்து முடித்த பிறகு ஓரிடத்தில் கூடினார்கள். சேர்ந்து சாப்பிட்டார்கள், விடைகளை ஒப்பிட்டார்கள், ஒருவருக்கு மட்டும் விடை மாறியிருந்தால் எங்கே பிசகியது என்று பார்த்தார்கள், பழைய தேர்வுத்தாள்களைப் போட்டுப் பார்த்தார்கள். வகுப்பில் தான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. கறுப்பின மாணவர்களில் பெரும்பாலோர் தனியாகவே படித்தார்கள். நண்பர்கள் இருந்தார்கள், ஆனால் நட்பு ஒரு பக்கம், படிப்பு இன்னொரு பக்கம். தேர்வு முடிவு வரும்வரை தன் நிலைமை தனக்கே தெரியாது.

ட்ரைஸ்மன் தொடங்கிய பயிலரங்குக்குப் 'பின்தங்கியவர்களுக்கான வகுப்பு' என்று பெயர் வைக்கவில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக உட்கார்ந்து போடச் சொன்னார். அதில் சேர்ந்த கறுப்பின, லத்தீனிய மாணவர்கள், சேராத தங்கள் இனத்தாரை மட்டுமல்ல, வெள்ளை, ஆசிய வகுப்புத் தோழர்களையும் முந்தினார்கள்.

ஆக, ஒரு குழுவில் நட்பும் படிப்பும் ஒரே மேசையில் சேர்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள்.

அப்புறம் நேரமும் பணமும். சந்தா எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதாது. மாநாட்டுப் பயணம், உடை, பொறுப்பாளரானால் போகும் மணிக்கணக்கு எல்லாம் சேர்த்தி. மூன்றாவது, அந்தக் குழு யார் பணத்தில் நடக்கிறது என்பது. பல்கலைக்கழகம் நடத்துவதைப் பல்கலைக்கழகமே மூடவும் முடியும். கடந்த சில ஆண்டுகளில் மூடியும் இருக்கிறார்கள். நான்காவது, பிள்ளை அங்கே தன்னை யாராக உணரும் என்பது. கலப்பினப் பிள்ளைக்கும், லாகோஸிலிருந்து நேராக வருபவருக்கும், அட்லாண்டாவில் வளர்ந்தவருக்கும் ஒரே அறை ஒரே மாதிரி இருக்காது. கடைசியாக, பட்டம் வாங்கிய பிறகும் அந்தத் தொடர்பு நிலைக்குமா என்பது.

## கறுப்பின மாணவர் ஒன்றியம்

எல்லாரும் முதலில் கேள்விப்படுவது பிளாக் ஸ்டூடன்ட் யூனியன், சுருக்கமாக பிஎஸ்யூ. இந்தப் பெயரில் முதல் அமைப்பு 1966-ல் சான்பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் தோன்றியது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அதன் வேகம் நாட்டுக்குத் தெரிந்தது. 1968 நவம்பர் 6 அன்று மற்றச் சிறுபான்மை மாணவர் அமைப்புகளோடு சேர்ந்து தொடங்கிய வேலைநிறுத்தம் மறுஆண்டு மார்ச் வரை, ஏறத்தாழ ஐந்து மாதம் நீடித்தது. அங்கே கறுப்பினவியல் துறையும், இனவியல் படிப்புகளுக்கென்று தனிக் கல்லூரியும் வந்தது அதன் விளைவுதான்.

இன்றைக்கும் பிஎஸ்யூவின் பலம் அதுவே: நிர்வாகத்தோடு பேசும் குரல். 2015-ல் பெர்க்லி பிஎஸ்யூ பல்கலைக்கழகத் தலைமையிடம் பத்துக் கோரிக்கைகளை வைத்தது. கறுப்பின மாணவர்களுக்கென்று ஒரு வள மையம் வேண்டும், அவர்களைப் புரிந்துகொள்ளும் உளவியலாளர்கள் வேண்டும் என்பவை அவற்றில் இருந்தன. 2017-ல் சிவில் உரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமர் பெயரில் அந்த மையம் திறந்தது. மாணவர்கள் கேட்டு வந்தது அது.

சாதாரண உறுப்பினருக்கு இதனால் ஆகும் செலவு மிகக் குறைவு. மாதத்தில் ஒன்றிரண்டு பொதுக்கூட்டம், புதியவர்களுக்கு மூத்த மாணவர் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துவிடும் ஏற்பாடு, கடைசியில் கறுப்பினப் பட்டமளிப்புக் கொண்டாட்டம். வளாகத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிட விரைவான வழி கிடையாது.

மறைந்திருக்கும் செலவு பொறுப்பாளர்களுக்குத்தான். வளாகத்துச் சுவரில் யாரோ இனவெறி வாசகம் எழுதிவிட்டால், அன்று இரவே அறிக்கை எழுதுவது, மறுநாள் காலை மாணவர் நல அதிகாரியைச் சந்திப்பது, மதியம் மாணவர் பத்திரிகைக்குப் பதில் சொல்வது எல்லாம் இவர்கள் தலையில் விழும். அதே வாரத்தில் கரிம வேதியியல் தேர்வும் இருக்கும். நிர்வாகம் அமைக்கும் ஒவ்வொரு குழுவுக்கும் 'மாணவர் பிரதிநிதி' என்று இவர்களைத்தான் கூப்பிடும். அதற்குச் சம்பளமோ மதிப்பெண்ணோ கிடையாது. நல்ல மாணவத் தலைவர்கள் பலர் இரண்டாம் ஆண்டு வசந்தப் பருவத்தில் மதிப்பெண் சரிந்து என் அறைக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த வேலை முக்கியமானது. அதைச் செய்யச் சொன்ன பல்கலைக்கழகம் அவர்களுக்கு ஒரு பாடத்தையாவது குறைத்துக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலாண்டில் உறுப்பினராக இருங்கள், செயற்குழுவுக்கு நிற்க வேண்டாம். நிர்வாகத்தை மாற்ற வேண்டும் என்ற உந்துதல் இயல்பாகவே இருக்கும் பிள்ளைக்கு இதுதான் இடம், ஆனால் இரண்டாம் ஆண்டில்.

## பண்பாட்டு மையம்

இது சங்கம் இல்லை, ஓர் இடம். பல்கலைக்கழகம் சம்பளம் கொடுக்கும் ஊழியர்கள், சோபாக்கள், ஒரு சமையலறை மூலை, அச்சு எந்திரம், சுவரில் பழைய மாணவர்களின் படங்கள். யேலில் 1969 முதல் இயங்கும் ஆப்பிரிக்க அமெரிக்கப் பண்பாட்டு மையத்தை மாணவர்கள் 'தி ஹவுஸ்' என்றே கூப்பிடுகிறார்கள். நார்த்வெஸ்டர்னில் இருப்பது 'பிளாக் ஹவுஸ்'. 1968 மே மாதம் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பின மாணவர்கள் கட்டண அலுவலகக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்து 38 மணி நேரம் இருந்தார்கள். தங்களுக்கென்று ஓர் இடம் வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று.

கூட்டம் என்றாலே ஒதுங்கும் பிள்ளைக்கு இதுதான் மிகப் பொருத்தம். சேரப் படிவம் கிடையாது, சந்தா கிடையாது. இரண்டு வகுப்புகளுக்கு நடுவே இருக்கும் ஒன்றரை மணி நேரத்தில் போய் மைக்ரோவேவில் சாப்பாட்டைச் சூடுபண்ணிக்கொண்டு உட்காரலாம். பக்கத்தில் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி இருப்பாள், எந்தப் பேராசிரியரிடம் புள்ளியியல் எடுக்கலாம் என்று சொல்வாள். இந்த மாதிரித் தகவல் எந்த இணையதளத்திலும் கிடைக்காது. மையத்தின் ஊழியர்களுக்கு நிதியுதவி அலுவலகத்தில் யாரைப் பிடித்தால் வேலை நடக்கும் என்பது தெரியும். அவசரக் கடனுதவி, பாடநூல் நிதி போன்றவை பல இடங்களில் இவர்கள் வழியாகத்தான் மாணவர்கள் காதுக்கு எட்டுகின்றன.

குறை, அது பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பது. இனம் சார்ந்த பன்மைத்துவத் திட்டங்களைக் கட்டுப்படுத்தி யூட்டாவில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டத்துக்குப் பிறகு, யூட்டா பல்கலைக்கழகம் தன் கறுப்பினப் பண்பாட்டு மையத்தை மூடியது. டெக்சஸில் அப்படியொரு சட்டம் 2024 ஜனவரியில் அமலுக்கு வந்தபோது, ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பல மாணவர் அமைப்புகளுக்கு வீடாக இருந்த பல்பண்பாட்டு மையம் போயிற்று. அலபாமா பல்கலைக்கழகத்தில் அதே ஆண்டு பிஎஸ்யூ தன் அலுவலக அறையை இழந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், டெக்சஸ் சட்டம் மாணவர்களே நடத்தும் சங்கங்களுக்கு விலக்குத் தந்திருந்தது. ஊழியரும் கட்டடமும் போனாலும் சங்கம் இருக்கலாம். யூட்டாவில் பிஎஸ்யூ மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் ஆதரவை வேண்டாம் என்று உதறி, வெளியே நின்று தொடர்ந்தார்கள்.

ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே மையத்தை ஒரு காரணமாக வைப்பவர்கள், அது இப்போது திறந்திருக்கிறதா, பெயர் மாறியிருக்கிறதா, எத்தனை முழுநேர ஊழியர் இருக்கிறார்கள் என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். பழைய கையேட்டுப் படங்களை நம்ப வேண்டாம்.

## தனி விடுதி

சில பல்கலைக்கழகங்களில் கறுப்பின வாழ்வையும் வரலாற்றையும் மையமாக வைத்த விடுதிகள் உண்டு. கார்னலில் உஜாமா 1972 முதல் இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் விடுதியும் அதே ஆண்டு தொடங்கியது. ஸ்டான்ஃபோர்டிலும் உஜாமா என்ற பெயரில் ஒன்று உண்டு. இவை கறுப்பினத்தவருக்கு மட்டும் என்று பூட்டிவைத்த இடங்கள் அல்ல, மற்றவர்களும் தங்குகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை அளவுகோலில் இதற்கு முழு மதிப்பெண். இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் அதே பாடம் படிக்கும் ஒருவர் இருப்பார். தலைமுடிக்கு என்ன போடுகிறாய் என்று யாரும் வியந்து கேட்க மாட்டார்கள். நாள் முழுக்க வகுப்பில் ஒரே கறுப்பின முகமாக உட்கார்ந்துவிட்டு வருபவருக்கு, விளக்கம் சொல்லாமல் இருக்க முடிகிற ஒரு தளம் எவ்வளவு பெரிய ஓய்வு என்பதை அனுபவித்தவர்கள்தான் சொல்ல முடியும்.

பிள்ளை தன் இனத்தாரோடு மட்டும் ஒதுங்கிவிடுமோ என்று பெற்றோர் பயப்படுவார்கள். நான் அவ்வளவு பயப்படுவதில்லை. இந்த வளாகங்களில் மற்ற இனத்தாரைச் சந்திக்காமல் ஒரு நாளைக் கழிக்கவே முடியாது. வகுப்பு, ஆய்வகம், உணவுக்கூடம் எல்லாமே அவர்கள்தான். உண்மையான செலவு தூரம். சில வளாகங்களில் இந்த விடுதி பொறியியல் கட்டடங்களிலிருந்து ஒரு மூலையில் இருக்கும். இன்னொன்று, முடிவைச் சீக்கிரம் எடுத்தாக வேண்டும்: பெரும்பாலான இடங்களில் மே, ஜூன் மாத விடுதிப் படிவத்திலேயே குறிக்க வேண்டும், சில இடங்களில் ஒரு சிறு கட்டுரையும் கேட்பார்கள். மற்றக் குழுக்களில் அக்டோபரில்கூடச் சேரலாம், இதில் முடியாது.

## துறைசார் சங்கங்கள்

பொறியியலில் தேசியக் கறுப்பினப் பொறியாளர் சங்கம், என்எஸ்பிஇ. மருத்துவத்தில் மாணவர் தேசிய மருத்துவச் சங்கம், எஸ்என்எம்ஏ, 1964-ல் தொடங்கியது. சட்டத்தில் தேசியக் கறுப்பினச் சட்ட மாணவர் சங்கம், என்பிஎல்எஸ்ஏ, 1968-ல் தொடங்கியது. கடைசி இரண்டும் முக்கியமாக மேற்படிப்பு மாணவர்களுடையவை.

என்எஸ்பிஇயின் கதை பர்டூ பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. அங்கே பொறியியலில் சேர்ந்த கறுப்பின மாணவர்களில் பெரும்பகுதியினர் முடிக்காமலே போய்க்கொண்டிருந்தார்கள். 1971-ல் இரண்டு இளங்கலை மாணவர்கள் துறைத்தலைவரிடம் போய், ஒருவரையொருவர் தாங்கிப்பிடிக்க ஒரு சங்கம் வேண்டும் என்றார்கள். 1975 ஏப்ரலில் 32 கல்லூரிகளிலிருந்து 48 மாணவர்கள் பர்டூவில் கூட, அது தேசிய அமைப்பானது. தொடங்கியபோதே நோக்கம் தேர்ச்சிதான், கொண்டாட்டம் பிறகு வந்தது. ட்ரைஸ்மன் பெர்க்லியில் கண்டுபிடித்ததை இந்த மாணவர்கள் அனுபவத்திலேயே அறிந்திருந்தார்கள்.

நல்ல கிளையில் வாரம் ஒருமுறை படிப்பறை முன்பதிவு செய்யப்பட்டிருக்கும். பழைய தேர்வுத்தாள்கள் கோப்பில் இருக்கும். மூத்தவர்கள் பயிற்சிப் பணிக்கான சுயவிவரக் குறிப்பைத் திருத்திக் கொடுப்பார்கள். ஆண்டு மாநாட்டின் வேலைவாய்ப்புக் கண்காட்சியில் பெரிய நிறுவனங்கள் அங்கேயே நேர்காணல் நடத்துகின்றன. அதில் கோடைக்காலப் பயிற்சி வாங்கி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

செலவும் அங்கேதான். சந்தா சிறியது. மாநாட்டுக்கு விமானம், விடுதி, பதிவுக்கட்டணம், நேர்காணலுக்கு உடை என்று சேர்த்தால் ஒரு பருவத்துப் பாடநூல்களுக்கான பணம் போய்விடும். கிளை எவ்வளவு ஈடுகட்டும் என்று ஜனவரிக்கு முன்பே கேளுங்கள். துறைத்தலைவர் அலுவலகத்திலும் கேளுங்கள், பல நேரங்களில் அங்கே கொஞ்சம் நிதி இருக்கும், யாரும் கேட்காமல் கிடக்கும்.

துறை மாற வாய்ப்புள்ள பிள்ளைக்கு ஒரு எச்சரிக்கை. இயந்திரவியலை விட்டுச் சமூகவியலுக்குப் போனால், இந்த நட்புகள் மெதுவாகத் தளரும். யாரும் விரட்ட மாட்டார்கள், ஆனால் பேச்சு எல்லாம் தெர்மோடைனமிக்ஸ் பற்றியே இருக்கும்.

## 'டிவைன் நைன்' சங்கங்கள்

கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஒன்பது கறுப்பினச் சகோதர, சகோதரிச் சங்கங்கள் இவை. முதலாவதான ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா 1906 டிசம்பர் 4 அன்று கார்னலில் பிறந்தது. 1904-05 கல்வியாண்டில் அங்கே படித்த கறுப்பின மாணவர்களில் ஆறு பேர் மறுஆண்டு திரும்பி வரவில்லை. அதைப் பார்த்த மற்றவர்கள் முதலில் ஒரு படிப்புக் குழுவாகக் கூடினார்கள், பிறகு ஏழு பேர் சங்கமாக்கினார்கள். ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா 1908-லும் டெல்டா சிக்மா தீட்டா 1913-லும் ஹோவர்டில் தொடங்கின. ஒன்பதாவதான ஐயோட்டா ஃபை தீட்டா 1963-ல் வந்தது.

நிலைத்து நிற்பது என்ற அளவுகோலில் இவற்றுக்கு இணை கிடையாது. உறுப்பினர் ஆயுள் முழுக்க உறுப்பினர். பட்டதாரிக் கிளைகள் ஊர் ஊராக இருக்கின்றன; நாற்பது வயதில் புது ஊருக்கு வேலைக்குப் போனாலும் அங்கே ஒரு வட்டம் காத்திருக்கும். மார்ட்டின் லூதர் கிங் ஆல்ஃபா. கமலா ஹாரிஸ் ஹோவர்டில் படித்தபோது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தார். 2020, 2024 தேர்தல்களில் அந்தச் சகோதரிகள் அவருக்காக எப்படித் திரண்டார்கள் என்பதை நாடே பார்த்தது.

ஆனால் முதல் பருவத்தில் தனியாகத் தவிக்கும் பிள்ளைக்கு இது விடையாகாது, ஏனென்றால் அப்போது சேரவே முடியாது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் பாடங்களை முடித்திருக்க வேண்டும், மதிப்பெண் வரம்பு உண்டு, சமூகசேவைப் பதிவு பார்ப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஆள் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சிறு வளாகங்களில் ஒன்பதில் இரண்டு மூன்றுதான் இருக்கும். சில, பக்கத்துக் கல்லூரிகளோடு சேர்ந்த நகரக் கிளையாக இருக்கும்.

பணம்: சேரும்போது நூற்றுக்கணக்கில் டாலர், சில சங்கங்களில் ஆயிரத்தைத் தாண்டும். பிறகு ஆண்டுச் சந்தா, நிற உடைகள், பயணம். இதை மகனோ மகளோ வீட்டில் சொல்லத் தயங்கிக் கடன் அட்டையில் போடுவதுண்டு. முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லியாக வேண்டும். ராகிங். இந்தச் சங்கங்கள் 1990-லேயே பழைய சேர்க்கைச் சடங்கு முறையைத் தடை செய்தன. தடைக்குப் பிறகும் சில கிளைகளில் ரகசியமாக அடி, உறக்கமின்மை, அவமதிப்பு எல்லாம் தொடர்ந்தன, உயிர்கள் போயிருக்கின்றன. வெள்ளையர் பெரும்பான்மையான சங்கங்களிலும் இதே கொடுமை உண்டு. 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டப்படி, எந்தச் சங்கம் இதில் விதிமீறியது என்ற அறிக்கையைக் கல்லூரிகள் பொதுவில் வெளியிட வேண்டும். சேருமுன் அந்த அறிக்கையை அம்மா அப்பாவும் படியுங்கள். இரவில் தொலைபேசியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், யாரிடமும் சொல்லாதே என்கிறார்கள் என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். எந்தச் சகோதரத்துவமும் ஒரு பிள்ளையின் உயிருக்கு ஈடாகாது.

## ஆப்பிரிக்க, கரீபியச் சங்கங்கள்

நைஜீரியா, கானா, எத்தியோப்பியா, ஜமைக்கா, ஹைட்டி வழி வந்தவர்களுக்கு இவை உடனே வீடாகிவிடும்: சாப்பாடு, இசை, பண்டிகை, அம்மாவின் உச்சரிப்பை நடித்துக்காட்டிச் சிரிக்க ஒரு கூட்டம். படிப்புக்கு நேரடி உதவி குறைவு, செலவும் குறைவு. விசா விதிகள், வளாகத்துக்குள் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்பவற்றில் அனுபவப்பட்ட மூத்தவர்கள் இங்கேதான் கிடைப்பார்கள். பிஎஸ்யூவோடு சேர்த்தே இதில் இருக்கலாம். ஒன்றை விட்டுத்தான் மற்றொன்று என்ற கட்டாயம் இல்லை.

## உளநல மையத்தின் ஆதரவுக் குழு

பல பல்கலைக்கழகங்களின் உளநல மையம் கறுப்பின மாணவர்களுக்கென்று வாராந்தரக் குழு நடத்துகிறது. ஏழெட்டுப் பேர், ஓர் உளவியலாளர், மூடிய கதவு. பேசியது வெளியே போகாது. கட்டணம் பெரும்பாலும் மாணவர் சுகாதாரக் கட்டணத்துக்குள் அடங்கிவிடும், தனியே எதுவும் தர வேண்டாம்.

நம் வீடுகளில் இதைச் சொன்னாலே முகம் மாறும், கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றிலும் அப்படித்தான். ஆனால் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, வகுப்புக்குப் போக மனமில்லாமல் இரண்டு வாரம் கடந்துவிட்டால் மேலே சொன்ன எந்தச் சங்கமும் போதாது. பிஎஸ்யூ தலைவருக்கு இருபது வயது. அவரிடம் இந்தப் பாரத்தை ஏற்றுவது அவருக்கும் நல்லதல்ல. இங்கே தடை, காத்திருப்புப் பட்டியல். பருவம் தொடங்கிய முதல் மூன்று வாரங்களுக்குள் பெயர் கொடுத்தால் இடம் கிடைக்கும். நவம்பரில் கேட்டால் கஷ்டம். பிள்ளைக்கு ஏற்கெனவே மனச்சோர்வு இருந்திருந்தால் ஆகஸ்டிலேயே பெயர் கொடுக்கச் சொல்லுங்கள்.

## ஒரே பார்வையில்

| குழு | தேர்வுக்கு முந்தைய இரவில் | நேரம் | பணம் | மறைந்த செலவு | எப்போது சேரலாம் |
|---|---|---|---|---|---|
| பிஎஸ்யூ | சுமார் | உறுப்பினருக்குக் குறைவு, பொறுப்பாளருக்கு மிக அதிகம் | மிகக் குறைவு | பிரதிநிதியாகவே வாழும் களைப்பு | எப்போதும் |
| பண்பாட்டு மையம் | நல்லது | உங்கள் விருப்பம் | இல்லை | மூடப்படும் அபாயம் | எப்போதும் |
| தனி விடுதி | மிக நல்லது | தனியே தேவையில்லை | வழக்கமான விடுதிக் கட்டணம் | துறைக் கட்டடத்திலிருந்து தூரம் | மே, ஜூன் மட்டும் |
| துறைசார் சங்கம் | மிக நல்லது | வாரம் ஓரிரு மாலை | சந்தா சிறிது, மாநாடு அதிகம் | துறை மாறினால் தொடர்பு தளரும் | எப்போதும் |
| டிவைன் நைன் | கிளையைப் பொறுத்தது | சேரும் பருவத்தில் மிக அதிகம் | அதிகம் | ராகிங் அபாயம் | இரண்டாம் ஆண்டு அல்லது பிறகு |
| ஆப்பிரிக்க, கரீபியச் சங்கம் | குறைவு | குறைவு | குறைவு | பெரிதாக இல்லை | எப்போதும் |
| உளநலக் குழு | வேறு வகை உதவி | வாரம் ஓர் அமர்வு | பெரும்பாலும் இல்லை | காத்திருப்பு | பருவத் தொடக்கத்தில் |

## யாருக்கு எது

அறிவியல், பொறியியல் பிள்ளை என்றால் தயங்காமல் சொல்வேன்: முதல் ஆண்டில் துறைசார் சங்கமும் பண்பாட்டு மையமும். இந்த இரண்டு போதும். தனி விடுதி இருந்து, படிவ நாள் தாண்டாமலும் இருந்தால் அதுவே முதல் தேர்வு. துறை இன்னும் முடிவாகாத பிள்ளைக்கு மையத்தோடு பிஎஸ்யூ உறுப்பினராக இருப்பது நல்லது. டிவைன் நைனில் ஆசை இருந்தால் முதலாண்டை மதிப்பெண்ணுக்கும் சேவைப் பணிக்கும் கொடுங்கள், எந்தக் கிளை எப்படி நடந்துகொள்கிறது என்று தள்ளி நின்று பாருங்கள்.

தமிழ் அம்மாவுக்கும் கறுப்பின அப்பாவுக்கும் பிறந்த பிள்ளைகள் கேட்கும் கேள்வி வேறு: "என்னை அங்கே ஏற்றுக்கொள்வார்களா?" சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைகள் சட்டப்படி பல்கலைக்கழகப் பணத்தில் நடக்கும் எந்தச் சங்கமும் இனத்தைக் காரணம் காட்டி யாரையும் விலக்க முடியாது. பழக்கத்திலும் கதவு நீங்கள் நினைப்பதைவிட அகலம். 1960களின் தொடக்கத்தில் பெர்க்லியில் கறுப்பின மாணவர்கள் கூடிப் படித்து விவாதித்த ஆஃப்ரோ அமெரிக்கன் அசோசியேஷனில் சியாமளா கோபாலன் என்ற தமிழ்ப்பெண், கமலா ஹாரிஸின் அம்மா, உறுப்பினராக இருந்தார். ஜமைக்காவிலிருந்து வந்த டொனால்டு ஹாரிஸை 1962-ல் அவர் சந்தித்தது அந்தக் குழுவின் கூட்டமொன்றில்தான். அப்படியிருக்க, அப்பா வழியில் அந்தச் சமூகத்திலேயே பிறந்த பிள்ளை வாசலில் தயங்கி நிற்க வேண்டியதில்லை. முதல் கூட்டத்தில் கொஞ்சம் அந்நியமாக இருக்கும், மூன்றாவது கூட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தெற்காசிய மாணவர் சங்கத்திலும் சேர்ந்துகொள்ளலாம். இரண்டில் எது தன் இடம் என்று பிள்ளையே காலப்போக்கில் முடிவு செய்யட்டும், வீட்டில் யாரும் ஒரு பக்கம் இழுக்க வேண்டாம்.

மையம் மூடப்பட்ட மாநிலத்துக்குப் போகிறவர்கள், மாணவர்களே நடத்தும் சங்கங்களைத் தேடுங்கள்; அவை பெரும்பாலும் பிழைத்திருக்கின்றன. வளாகத்துக்கு வெளியே இருக்கும் கறுப்பினத் தேவாலயங்களும் டிவைன் நைனின் பட்டதாரிக் கிளைகளும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முதல் கல்வி உதவித்தொகை வரை மாணவர்களுக்குக் கொடுத்து வருகின்றன.

அறிமுக நாளன்று மேசையில் நிற்பவரிடம், இந்தச் சங்கம் எதைப் பற்றியது என்று கேட்க வேண்டாம். அதற்கு எல்லாரிடமும் பதில் தயாராக இருக்கும். போன பருவத்தில் தேர்வு வாரத்தில் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். படிப்பறை எடுத்தோம், இத்தனை பேர் வந்தார்கள், பீட்சா வாங்கினோம், இன்ன பாடத்துக்கு மூத்தவர் ஒருவர் உட்கார்ந்தார் என்று உடனே சொன்னால், அந்த மேசையில் மின்னஞ்சலை எழுதுங்கள்.